நின்றுபோகிற வேகம்

சாமை அறுப்புக்கு ஊருக்கு, வெள்ளிமலைக்கு, வந்தபோது மடிக்கணினியில் ஒரு பிழையையும் சுமந்து வந்திருந்தேன். சுழலும் நியூட்ரான் விண்மீனின் உருவத்தைப் பொதுச் சார்பியல்படி கணக்கிடும் நிரல் அது. சூரியனைவிடக் கனமான பொருள், ஆனால் கள்ளக்குறிச்சிக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில் அடங்கிவிடும். உத்தேசமாக ஓர் உருவம் கொடுத்தால் நிரல் அதன் ஈர்ப்பைக் கண்டு, உருவத்தைத் திருத்தி, மறுபடி ஈர்ப்பைக் கண்டு, மாற்றம் அடங்கும்வரை சுற்றும். என்னுடையது ஒரு சுழற்சி வேகத்துக்கு மேல் அடங்கவில்லை. எண்கள் தாறுமாறாக ஓடின.

மூன்று வாரமாக யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஆய்வுக் குழுவிடம் முடிவைக் காட்டாவிட்டால் உதவித்தொகை நீளாது. தப்பு என்னுடையதுதான் என்பதில் சந்தேகமே வரவில்லை. சாதிச் சான்றிதழுக்கு அப்பா மலையிறங்கி அலைந்த காலத்தில் மனு திரும்பிவரும் ஒவ்வொரு முறையும், நாமதான் தப்பா எழுதியிருப்போம் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிடுவார். எழுதியவன் நான். ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன்.

களத்தில் கொஞ்ச நேரம் சாமைத் தாளை அடித்து மணி உதிர்ப்பேன், உள்ளே ஓடித் திரையைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாடா, அடுப்புல பாலா வச்சிருக்க?"

மைய அடர்த்தியை மாற்றி மாற்றி ஓட்டினேன். ஒவ்வொரு விண்மீனுக்கும் ஒவ்வொரு வேகத்தில் கணக்கு அடங்காமல் நின்றுபோனது. தப்பைப் பிடிக்கத்தான் அந்த வேகங்களை வரைபடத்தில் குறித்தேன். புள்ளிகள் ஒரே சீரான வளைகோட்டில் ஏறின. தப்பு இவ்வளவு ஒழுங்காக வராது. நிற்பதற்குச் சற்றுமுன் நடுக்கோட்டு விளிம்பு என்ன வேகத்தில் போகிறது என்று பார்த்தேன். அந்த இடத்தில் விண்மீனைத் தனியாகச் சுற்றிவரும் ஒரு கல்லுக்கு வேண்டிய வேகத்தை ஏறக்குறைய எட்டியிருந்தது. அதற்கு மேல் போனால் விளிம்பு பிய்த்துக்கொள்ளும், அப்படி ஒரு விண்மீனே கிடையாது. இல்லாததைக் கணக்கிடச் சொல்லி நிரலை மூன்று வாரம் படுத்தியிருக்கிறேன்.

வெளியே வந்தேன். "தப்பு இல்லப்பா."

கையிலிருந்த சாமைத் தாளை அப்பா கீழே வைத்தார். "நல்லா பாத்தியா?"

"பாத்தேம்பா."

"இன்னொரு தபா பாத்துடு. திருப்பிடப் போறாங்க."

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில், கொண்டைஊசி வளைவுகளில் கணினியை மார்போடு பிடித்துக்கொண்டு, இன்னொரு தபா பார்த்தேன். அந்த வளைகோட்டுக்கு மேல் 'பிழை' என்று எழுதியிருந்ததை 'எல்லை' என்று மாற்றினேன். அடிவாரத்தில் வடக்கனந்தல் வருவதற்குள் இரண்டு முறை பழையபடி ஆக்கி, இரண்டு முறையும் மறுபடி மாற்றினேன்.