நிற்காத கப்பல்

மைசூரை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு வாய்க்கால் கரையோடு நடந்துகொண்டிருந்தோம். தார்ச்சாலைப் பக்கமே போகக் கூடாது என்று, நாங்கள் கப்பல்காரர் என அழைக்கும் கிழவர் சொல்லியிருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காவிரித் தண்ணீருக்காகக் கலவரம் மூண்ட டிசம்பர் அது. பஸ் ஓடவில்லை. மேஸ்திரி எங்களிடம் சொல்லாமலே ஊருக்குக் கிளம்பியிருந்தார். நாங்கள் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் தகரக் கொட்டகைகளில் இரண்டை யாரோ கொளுத்திவிட்டார்கள். மிஞ்சியிருந்த தமிழ்க் குடும்பங்களைக் கிளப்பிக் கூட்டிவந்தவர் கப்பல்காரர்தான். கொள்ளேகாலுக்கு அப்பால் இருக்கும் ராமாபுரம் அவருடைய ஊர். அங்கே எல்லோரும் தமிழ் பேசுவார்கள், போய்ச் சேர்ந்துவிட்டால் பயமில்லை என்றார். ஆண்கள் முன்னால், பிள்ளைக்காரிகள் நடுவில், கடைசி ஆளாக அவர். நடக்க நடக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்தக் கட்டடத்துக்கு அவர் காவல்காரர். நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, வேலை கிடைத்த ஊரெல்லாம் சுற்றிவிட்டு, அங்கே சித்தாளாகச் சேர்ந்தபோது அவருக்கு எழுபது வயது இருக்கும். பூட்ஸைக் கழற்றாமல்தான் தூங்குவார். வெள்ளைக்காரன் காலத்துக் கடற்படையில் இருந்த பழக்கம் அது. "மைசூருல கடல் எங்கய்யா இருக்கு, கப்பல்காரரே?" என்று பெண்கள் சீண்டினால், "குக்கரஹள்ளி ஏரியில நங்கூரம் போட்டிருக்கறனுங்" என்பார். ஆனால் அட்லாண்டிக் என்று ஆரம்பித்துவிட்டால் சிரிப்பு நின்றுவிடும். சரக்குக் கப்பல்கள் வரிசை வரிசையாகப் போகும், அவற்றைச் சுற்றிக் காவலுக்குப் போன சின்னப் போர்க்கப்பல்களில் ஒன்று இவருடையது. கம்பியில் உறைந்த பனியைக் கோடரியால் கொத்தித் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் அதன் கனத்திலேயே கப்பல் கவிழ்ந்துவிடும். கஞ்சிக் குவளையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் கப்பல் ஆட்டத்தில் பாதி மார்பில் கொட்டிவிடும். இவருக்குப் பின்தளத்தில் வேலை. நீருக்குள் நீர்மூழ்கி இருப்பது தெரிந்தால் பீப்பாய் போன்ற வெடிகளைக் கடலில் உருட்டிவிட வேண்டும்.

அங்கேதான் அது நடந்தது. வரிசையின் கடைசியில் வந்த ஒரு சரக்குக் கப்பல் அடிபட்டு மூழ்கியது. ஆட்கள் தண்ணீரில் கிடந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் நம் நாட்டு ஆட்கள், கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர்கள். கப்பல்காரரின் கப்பல் அவர்களை ஒட்டியே போனது. "பாய், பாய்" என்று இந்தியில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்கள். ஒருவன் பஸ்ஸை நிறுத்துகிறவனைப் போலக் கையை நீட்டினானாம். கப்பல் நிற்கவில்லை. நின்றால் அடுத்த குண்டு அதற்குத்தான். பின்தளத்தில் நின்றதால் அவர்கள் சின்னதாகிக்கொண்டே போவதைக் கடைசிவரை பார்த்தவர் இவர். இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் ஒரே வாக்கியத்தில்தான் முடிப்பார்: "நின்னிருந்தா நாங்களும் போயிருப்போமுங்." சொல்லிவிட்டு யாராவது ஆமாம் சொல்லக் காத்திருப்பார். நாங்களும் சொல்வோம். அவருக்கு அது தேவையாக இருந்தது என்று அப்போதே எனக்குப் பட்டது. அந்த வாக்கியத்தின் மேல்தான் அவர் ஐம்பது வருடமாகக் காலூன்றி நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாம் நாள், கொள்ளேகாலுக்கு வெகு முன்னாலேயே, எங்களோடு வந்த கொத்தனார் உட்கார்ந்துவிட்டார். போன வாரம் ஆணி ஏறிய கால், பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. தூரத்துச் சாலையில் மோட்டார் சைக்கிள் சத்தமும் கூச்சலும் கேட்டுக்கொண்டிருந்தன. நான் முதுகில் தூக்கிக்கொள்கிறேன் என்றேன்.

"நீ தூக்குனா நீ பின்தங்குவ. உனக்கோசரம் இன்னொருத்தன் நிப்பான். அப்பறம் வரிசையே இல்ல அப்புனு. நட" என்றார் கப்பல்காரர்.

கொத்தனாரின் மனைவி கைக்குழந்தையோடு நின்றாள். "உம் பொண்டாட்டி உக்காந்திருந்தா வுட்டுட்டு வருவியாய்யா?"

"வருவேன்."

கொத்தனாரே அவளைப் போகச் சொன்னார். கப்பல்காரர் தண்ணீர்ப் பாட்டிலைக் கரும்புச் சோகை மறைவில் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவள் குழந்தைக்குப் பின்னால் ஓடிவந்தாள். ராமாபுரம் வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். பாவி, கல்லு மனசுக்காரா, உனக்குக் கொள்ளி வைக்க ஆளிருக்காது. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. எங்களில் ஒருவருக்குக்கூடக் கீறல் படாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவருடைய தம்பி வீட்டு வாசலில் எங்களுக்குச் சோறு போட்டார்கள். அவள் சாப்பிடவில்லை. அவரும் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் மதியம் ஒரு மொபெட் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் தலைத்துண்டு கட்டிய ஒரு கன்னடக்காரர். பின்னால் கொத்தனார், காலில் மஞ்சள் பற்றுப் போட்ட வெள்ளைத் துணிக்கட்டோடு. கரும்புக்கு நீர் பாய்ச்ச வந்தபோது அவர் கொத்தனாரைப் பார்த்துத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போய், களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டு, கயிற்றுக்கட்டிலில் படுக்கவைத்திருக்கிறார். கொத்தனாரின் மனைவி புருஷனைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு தோளில் நாலு அடி வைத்தாள். எல்லோரும் சிரித்தோம். அந்த விவசாயி எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் கேட்டார்: இவ்வளவு பேர்தானா, எல்லோருமே வந்திருக்கலாமே, நம் களத்துக் கொட்டகையில் இன்னும் இருபது பேர் படுக்கலாமே, எதற்கு இந்த ஆளை மட்டும் விட்டுவிட்டு ஓடினீர்கள்?

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எங்கள் எல்லோருடைய கண்ணும் கப்பல்காரர் பக்கம் போயிற்று. அவருக்கு எங்களைவிட நன்றாகக் கன்னடம் தெரியும். வாயைத் திறந்தார். அந்த வாக்கியம்தான் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சுவரோரமாகக் குந்தி, பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். அதைக் கழற்றி நான் பார்த்தது அன்றுதான். வெளுத்து ஊறிப்போன பாதங்கள். அவற்றைப் பார்த்தபடி, "அங்கயும் நின்னிருக்கலாமோ?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. அந்தக் கடலும் இந்தக் கரும்புக் காடும் ஒன்றில்லை என்று படித்தவர்கள் யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். எனக்கு அன்று சொல்லத் தெரியவில்லை. இன்று தெரியும், சொல்ல அவர் இருக்க மாட்டார். வழக்கம்போல அவர் எங்கள் முகங்களைப் பார்த்துக் காத்திருந்தார். ஒருவரும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கொத்தனாரின் மனைவி மட்டும், "இப்பதான் கேக்கத் தோணுதா" என்றாள்.

விவசாயி கிளம்பும்போது, கேழ்வரகு அறுப்பு நடக்கிறது, கூலியாட்கள் எல்லாம் பயந்து ஓடிவிட்டார்கள் என்று அலுத்துக்கொண்டார். நான் வருகிறேன் என்றேன். எனக்கு ராமாபுரத்தில் யாரும் இல்லை, வேறு எங்கும் யாரும் இல்லை. மொபெட்டில் ஏறியபோது கப்பல்காரர் வெறுங்காலோடு எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"வழியில யாராச்சும் உக்காந்திருந்தா ஏத்திக்க அப்புனு."

வழிநெடுக இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனேன். யாரும் இல்லை. மறுநாள் காலை, எந்த ஊர்க்காரர்களுக்குப் பயந்து ஓடினோமோ அவர்களோடு களத்தில் நின்று, கேழ்வரகுக் கதிர் அடிக்கும் வேலையில் சேர்ந்தேன்.