குளியலறைக் கதவு

வெள்ளவத்தை வீட்டில் மழை பிடித்தால் எங்கள் குளியலறைக் கதவு ஊதிப்போகும். நிலையில் முட்டிக்கொண்டு நிற்கும். கொண்டி வளையத்துக்கு எட்டாது. ஒரு காலால் கதவை மிதித்துக்கொண்டுதான் குளிக்க வேண்டும். என்னுடைய மனுசனுக்கு அது ஒரு பொருட்டில்லை, பாட்டுப் பாடிக் குளிப்பார். நான் கூச்சப்படுகிற ஆள். அந்த மழையில் யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய அண்ணரும் வளர்ந்த மகன்மாரும் விசா அலுவலாக வந்து தங்கியிருந்தார்கள். குளிக்கப் போவதே எனக்குத் தண்டனையாகிவிட்டது.

என்னுடைய மனுசன் மரவேலையில் கெட்டிக்காரர் என்று அவரே சொல்லுவார். புறக்கோட்டையில் சீவுளி வாங்கி வைத்திருந்தார். மழைக்குக் கதவு ஊதினால் விளிம்பு முழுவதையும் சீவித் தள்ளுவார். வெயிலுக்குக் கதவு சுருங்கி விரல் போகிற இடைவெளி விழும். உடனே அதில் ஒரு சட்டம் வைத்து ஆணி அடிப்பார். அடுத்த மழைக்கு அந்தச் சட்டமும் சேர்ந்து ஊதும்.

"இஞ்சாருங்கோ, அந்தக் கதவு..."

"ஞாயிற்றுக்கிழமை பாப்பம். அவசரப்பட்டா மரம் பழுதாப்போம்."

எத்தனை ஞாயிற்றுக்கிழமை!

ஒரு வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். எங்கே முட்டுகிறது என்று பார்க்கக் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து நிலையில் பூசிக் கதவைத் தள்ளி இழுத்தேன். கதவின் மேல் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் சிவப்பு ஒட்டியிருந்தது. இவ்வளவுதானா! இதற்கா முழுக் கதவையும் இந்தப் பாடு படுத்தினார்?

ஆணித் தலைகளை உள்ளே தட்டி இறக்கிவிட்டு, முக்காலியில் ஏறிச் சீவினேன். மரம் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாய்ச் சுருண்டு வந்து என் காலடியில் விழுந்தது. நல்ல மணம். நிறுத்த மனமில்லாமல்தான் நிறுத்தினேன். ஈரம் ஏறாதபடி சீவின இடத்தில் மெழுகுதிரி தேய்த்தேன். கொண்டி தானாக விழுந்தது. அதன்பிறகு சீவுளியை அரிசித் தகரத்துக்குள் புதைத்தேன்.

கோயிலால் வந்த மனுசன் சிவந்திருந்த நிலையைப் பார்த்தார்.

"என்னப்பா, கதவுக்குப் பூசையோ?"

"உன்ரை கையிலையிருந்து தப்பினதுக்கு நேர்த்திக்கடனாக்கும், தம்பி" என்றார் அண்ணர்.

மனுசன் கொண்டியைப் போட்டுப் பார்த்தார். எடுத்துவிட்டுத் திரும்பவும் போட்டார்.

"ஓம், விழுகுதுதான். எண்டாலும் கீழ்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் சீவ வேணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணருக்கு முன்னால் வாய் திறக்கவும் முடியவில்லை. துவாயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கொண்டியைப் போட்டேன்.

"எங்கையப்பா சீவுளி?" என்று வெளியே நின்று கதவைத் தட்டினார்.

"குளிக்கிறன்" என்றேன்.