கந்தசஷ்டிக்குள் வந்த காட்டுப்பன்றி

கமீலின் பிறந்தநாளுக்கு எங்கள் வகுப்பிலிருந்து போனது நான் மட்டும்தான். அவளுடைய அம்மா வேட்டைக்குப் போகிறவர் என்று தெரிந்ததும் மற்றவர்கள் ஆளுக்கொரு சாட்டுச் சொல்லி நின்றுவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஆட்கள் காட்டுப்பன்றி இறைச்சியை ஆசையாகச் சாப்பிடுவார்கள், எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் சமைப்பித்துக் காட்டுகிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால்தான் ஒக்ரோபர் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை இந்தப் பயணம்.

வில்லியே லே பெல்லில் காலை 10.40க்கு ஆர்.இ.ஆர். டி ரயில் எடுத்தோம். கார் து நோர் நிலையம் வரை இருபது நிமிடம், ஒரு வழிக்கு இரண்டரை யூரோ. அங்கிருந்து லா சப்பலுக்கு எட்டு நிமிட நடை. கமீலின் குளிர்ப்பையில் இரண்டு கிலோ தோள் இறைச்சி. அதை யாரும் இடித்துவிடாதபடி வழி முழுவதும் மடியிலேயே வைத்திருந்தாள்.

அப்பாவின் நண்பர் குகன் மாமாவின் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம். கண்ணாடிப் பெட்டியில் ஆட்டிறைச்சி ரோல்ஸைக் காணவில்லை. வடையும் மரக்கறி ரொட்டியும் மட்டும்.

"பிள்ளை, கந்தசஷ்டியெல்லோ! ஆறு நாளும் இந்தக் குசினிக்கை மச்சம் மாமிசம் ஏறாது."

நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளை விரல்விட்டு எண்ணுவேன். சஷ்டி எப்போது என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

கமீலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பையை மெதுவாகத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "பரவாயில்லை, எனக்குப் பழக்கம்தான்" என்று பிரெஞ்சில் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது.

பையில் இருப்பதை நான் சொல்ல, குகன் மாமா அவளையே பார்த்தார். பிறகு என்னிடம், "உன்ரை சின்னம்மா வீட்டிலை நிக்கிறாவோ?" என்று கேட்டார்.

சின்னம்மா வீடு அதே தெருவில், மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. மூன்று மணிக்குக் கடையில் கூட்டம் குறைந்ததும் குகன் மாமாவும் மேலே வந்தார். குசினி வாசலில் நின்றபடியே சின்னம்மாவுக்குக் கட்டளையிட்டார். மஞ்சள் போட்டு ஒருதரம் அவித்து அந்தத் தண்ணீரை வெளியே ஊற்று. மிளகைக் கொஞ்சம் கூடப் போடு. கடைசியில்தான் தேங்காய்ப்பால்.

"விரதகாரர் இறைச்சி மணத்துக்கை நிண்டால் முருகன் என்ன சொல்லுவார்?" என்றார் சின்னம்மா.

"மூக்குக்கு விரதம் இல்லைத் தங்கச்சி. நாக்குக்குத்தான்."

இரண்டேகால் மணி நேரம் கொதித்தது. ருசி பார்க்கும் கட்டம் வந்ததும் அவர் கரண்டியைக் கமீலிடம் கொடுக்கச் சொன்னார். "நான் வாயில் வைக்க முடியாது. இன்றைக்கு நீதான் என் நாக்கு" என்று அவளிடம் பிரெஞ்சில் சொன்னார்.

உறைப்பில் அவளுக்குக் கண்ணீர் வந்தது. கண்ணை மூடி யோசித்தாள். உப்பு சரி, புளிப்புத்தான் போதாது என்றாள்.

"பாத்தியோ! கொறுக்காய்ப்புளி போட மறந்துபோனா உன்ரை சின்னம்மா!"

புளி போட்டு இன்னும் பத்து நிமிடம். பிறகு புட்டோடு சாப்பிட்டோம். மாட்டிறைச்சியைவிடக் கருமை, நார் நாராக, கடிக்கக் கடிக்க இனிப்பு. கமீல் மூன்று தரம் போட்டுக்கொண்டாள்.

குகன் மாமா ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் தன் பங்கை அள்ளுவித்து, அடையாளத்துக்கு மூடியில் "கமீல்" என்று எழுதி, சின்னம்மாவின் உறைபெட்டிக்குள் வைக்கச் சொன்னார். "பாறணை முடிய வந்து எடுப்பன். ஆரும் கை வைக்கப்படாது."

போக நினைப்பவர்களுக்கு: வேட்டை இறைச்சி இலையுதிர் காலத்தில்தான் இலகுவாகக் கிடைக்கும். காட்டுப்பன்றிக்கு ஒட்டுண்ணிப் பரிசோதனை செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். கமீலின் அம்மா அந்தச் சான்றுத் தாளையும் பையில் வைத்திருந்தார். உள்ளே சிவப்பே தெரியாமல் வேகவையுங்கள். சமைக்கக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், எல்லோருடைய நாட்காட்டியையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

அடுத்த புதன்கிழமை குகன் மாமாவிடமிருந்து என் தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. துடைத்து வைத்ததுபோல் வெறும் டப்பா. கீழே ஒரு வரி: "அந்தப் பிள்ளையின்ரை தாயிட்டைக் கேள், அடுத்த வேட்டை எப்பவாம்?"

கமீலுக்கு மொழிபெயர்த்து அனுப்பினேன். அவள் அதை வகுப்புக் குழுவில் போட்டாள்.