அமலா தண்ணீர் ஊற்றிய செடி

செடியைக் கொல்பவர்கள் இரண்டு ரகம். மறந்துபோய்க் காயவிட்டுக் கொல்பவர்கள் ஒரு ரகம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பாசம் பொங்கித் தண்ணீர் ஊற்றியே கொல்பவர்கள் இன்னொரு ரகம். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் பதினெட்டு வருஷமாக நர்சரி வைத்திருக்கிறேன். இந்த இரண்டாவது ரகத்தைக் கண்டால் மட்டும் என் வாய் சும்மா இருக்காது.

போன ஜூன் மாதம் அமலா வந்தபோதும் அப்படித்தான் வாயை விட்டேன். ஒரு சிமென்ட் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை பொறுக்குகிற வேலை. அந்தத் தூசி புடவையில் அப்படியே இருந்தது. தொட்டியில் ஓர் அடேனியம். அடிமரம் பானை வயிறு மாதிரி உருண்டு, ரோஸ் நிறத்தில் பூக்குமே, அந்தச் செடி. நாலு இலைதான் மிச்சம், அதுவும் மஞ்சள். கிளை இடுக்கெல்லாம் பஞ்சு பஞ்சாக மாவுப்பூச்சி. அடிமரத்தை அமுக்கிப் பார்த்தேன். விரல் உள்ளே போனது.

"எவ்ளோ தண்ணி ஊத்துறீங்க?"

"காலைல ஒரு சொம்பு, மத்தியானம் ஒரு சொம்பு, சாயந்தரம் ஒண்ணுங்கண்ணே. வெயிலு ஜாஸ்தியா இருந்தா இன்னொண்ணு."

"நெல்லு நாத்துன்னு நெனச்சிக்கினீங்களா? இது பாலைவனத்துச் செடிம்மா."

தொட்டியைச் சாய்த்து அடியில் பார்த்தேன். ஓட்டையே இல்லை. எனக்கு இன்னும் ஏறிவிட்டது.

"இந்தத் தொட்டிய எந்தப் புண்ணியவான் செஞ்சது? ஊத்துன தண்ணி எங்க போவும்?"

"எங்க வூட்டுக்காருதாங்கண்ணே. கொத்தனாரு. அவரு கட்டுன எதுவும் ஒழுகாது." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அப்ப அவரையும் வரச் சொல்லுங்க. இந்தக் கொலைல அவருக்கும் பங்கு இருக்குது."

"அவரு போய்ட்டாருண்ணே. ஈஸ்டர் முடிஞ்சி ரெண்டாவது வாரம்."

என் நாக்கை அறுத்துப் போடலாம்போல் இருந்தது. ஸ்டூலை இழுத்து உட்காரச் சொன்னேன். செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, அழுகிய பாகத்தைக் கத்தியால் சீவ ஆரம்பித்தேன். நான் சீவச் சீவ அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கணவர் பெயர் சவுரிராயன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்துக்கு இரண்டு நாள் விழுப்புரம் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது, மிஞ்சினால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அமலா ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட்டாள். அந்தக் கோடு வரைக்கும் ஐந்து தடவை. அவ்வளவுதான் நாள் முழுதும்.

சுண்ணாம்பிலும் சிமென்டிலும் வெயிலிலும் வேலை பார்த்த உடம்பு. அது கேட்குமா? அவர் அக்கம்பக்கத்து வீடுகளில் போய்க் கெஞ்சினார். அமலா முன்னாலேயே வீடு வீடாகப் போய், யாரும் தரக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தாள். இரக்கமே இல்லாதவள் என்று தெருவே பேசியது. அவர் மட்டும் கோபித்துக்கொள்ளவில்லை. "ஜெயிலரம்மா, டைம் ஆயிடுச்சா?" என்று டம்ளரை நீட்டுவாராம். அந்தத் தண்ணீரிலும் கடைசி மடக்கைச் செடிக்கு ஊற்றுவாராம். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரேஷன்" என்பாராம்.

அந்த ஒரு மடக்கு ரேஷனில்தான் ஓட்டையில்லாத தொட்டியிலும் செடி மூன்று வருஷம் பூத்திருக்கிறது.

கடைசி நாள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரே வெயில். விழுப்புரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "ஒரு மடக்கு குடு அமலா" என்று கேட்டிருக்கிறார். "டயாலிசிஸ் முடியட்டும், தரேன் இருய்யா" என்று இவள் சொல்லியிருக்கிறாள். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அவள் தோளில் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்தாள். விக்கிரவாண்டியில் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

"பையில ஒரு பாட்டில் நெறைய தண்ணி இருந்துச்சுண்ணே. தொறக்கவே இல்ல," என்றாள். "அடக்கம் பண்ணிட்டு வூட்டுக்கு வந்து பாத்தா, இந்தச் செடி நிக்குது. இதுவும் கேக்கற மாதிரியே இருந்துச்சு. அதான் ஊத்திட்டேன்."

அடிமரத்தில் பாதிக்கு மேல் சீவி எறிந்த பிறகுதான் நல்ல வெள்ளைச் சதை தெரிந்தது. மஞ்சள்தூளை அப்பினேன். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் பூச்சியைத் துடைத்து, வேப்பெண்ணெய் தடவினேன். பிறகு, சொல்லவே வாய் வராத வைத்தியத்தைச் சொன்னேன்.

"பதினஞ்சு நாளு நெழல்ல தொங்க வுடணும்மா. ஒரு சொட்டுத் தண்ணி காட்டக் கூடாது."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "இன்னொருக்கா என்னால முடியாதுண்ணே. நீங்களே வச்சிக்கினு காப்பாத்திக் குடுங்க."

"இங்க காலையும் மாலையும் பைப்புல தண்ணி அடிச்சிக்கினே இருப்போம். சாரல் பட்டாலே திரும்ப அழுகிடும். உங்க வூடுதான் சரி."

சீவிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு செடியைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனாள்.

தினமும் போன் வரும். "அண்ணே, சுருங்கிக்கினே போவுது. ஒரு சொட்டு?" நான் வேண்டாம் என்பேன். ஒன்பதாம் நாளிலிருந்து போன் வரவில்லை. ஊற்றிவிட்டாள், முடிந்தது கதை என்று நினைத்தேன். அவள் மேல் ஏனோ கோபம் வரவில்லை.

பதினாறாம் நாள் நானே அவள் விட்டுப்போன தொட்டியையும் மணல் கலவையையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சவுரிராயன் சுவருக்கு நேர் பார்க்கும் தூக்குக்குண்டு நூலில் கட்டி, ஜன்னலோரம் செடி தொங்கிக்கொண்டிருந்தது. சீவிய இடம் நன்றாகக் காய்ந்து ஆறியிருந்தது. கிளை நுனியில் கடுகு அளவுக்கு இரண்டு பச்சை.

"ஒம்பதாம் நாளிலேர்ந்து ஏம்மா போன் பண்ணல?"

"அன்னிக்கு சொம்பைத் தூக்கிக்கினு கிட்ட போய்ட்டேண்ணே. ஊத்தறதுக்கு முன்னாடி, அந்தத் தண்ணிய நானே குடிச்சிட்டேன்."

தொட்டிக்கு அடியில் ஓட்டை போட வேண்டும் என்றேன். அவர் வேலைப் பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்து வந்தாள். என்னிடம் தரவில்லை. தானே தொட்டியைக் கவிழ்த்து, மெதுவாகத் தட்டித் தட்டி ஓட்டை போட்டாள். நட்டோம். ஐந்து நாள் கழித்துத் தண்ணீர் விடலாம் என்று சொன்னேன்.

ஐந்தாம் நாள் நான் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் போனேன். கடுகு இரண்டும் இலைகளாக விரிந்திருந்தன. அமலா அந்த டம்ளரை எடுத்து வந்தாள். சிவப்புக் கோடு வரைக்கும் நிரப்பி, குனிந்து பார்த்துச் சரிபார்த்து, செடியைச் சுற்றி ஊற்றினாள்.

"பொழச்சிக்கிச்சும்மா," என்றேன்.

அவள் செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குத் தராம இருந்தேன், இது பொழச்சிக்கிச்சு," என்றாள். "அவருக்கும் தராமதானேண்ணே இருந்தேன்?"

நான் குனிந்து, செடியைச் சுற்றி மணலை அழுத்திவிட்டேன். தொட்டியின் ஓட்டை வழியாகத் தண்ணீர் கசிந்து தரையில் ஓடியது. அமலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து, அதே முந்தானையால் தரையையும் துடைத்தாள்.