உதடு அசைந்தால் சிவப்பு

கல்லூரியில் அவரைக் கேமரா சார் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவர் காதுக்கு அது எட்டியிருந்தது. எட்டியபோது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மாலைநேர வகுப்புகளுக்குக் கணக்கியல் நடத்துகிறவர். நிரந்தர வேலை கிடையாது. ஒவ்வொரு வருடமும் நீட்டிப்பு உத்தரவு வருகிற வரைக்கும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிவார்.

கேமரா வருவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு தேர்வில், காலுறைக்குள் புத்தகத் தாள்களை மடித்து வைத்திருந்த பையனை அவர் கையும் களவுமாகப் பிடித்தார். முதல்வர் அறைக்கு அழைத்துப் போனார். உள்ளே தொலைபேசி ஒலித்தது. முதல்வர் எழுந்து நின்று பேசினார். பேசி முடித்ததும் பையன் திரும்ப வந்து தன் இடத்தில் உட்கார்ந்து, அவரையே பார்த்து, "சார், இன்னொரு பேப்பர் குடுங்க" என்று கேட்டான். அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

அன்று வீட்டில் அவர் சாப்பிடவில்லை. மனைவி தட்டை மூடி வைத்துவிட்டு, ஊரில் இல்லாத நியாயம் உங்களுக்கு மட்டும் எதுக்கு என்று கேட்டாள். தாளை எடுத்துக் கொடுத்த அந்தக் கை அவரைத் தூங்க விடவில்லை.

அதற்குப் பிறகுதான் தேர்வைக் கணினியில் நடத்தலாம் என்று கிளம்பினார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அவரே கற்றுக்கொண்டார், அவரே வயர் இழுத்தார், ஒவ்வொரு திரைக்கு மேலும் ஒரு சின்னக் கேமராவை அவரே ஒட்டினார். எழுதுகிறவரின் கண் திரையை விட்டு விலகினாலும், உதடு அசைந்தாலும் திரையில் சிவப்புக் கட்டம் வரும். மூன்றாவது முறை வந்தால் தேர்வு தானாக மூடிக்கொள்ளும். சார் கேமரா ஒட்டும்போது எட்டிப் பார்த்து, கொட்டாவி விட்டதற்குச் சிவப்பு வாங்கிய ஒரு பையன், இனிமேல் தும்முவதற்கு முன்னால் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்போல என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்தான். சாரும் சிரித்தார்.

விதிகளை எழுதியதும் அவர்தான். அதில் ஒரு விதிக்காக மட்டும் குழுக் கூட்டத்தில் வாதாடினார். மென்பொருள் தந்த முடிவை எந்த மனிதரும் மாற்றக் கூடாது; தேர்வு நடக்கும்போது கண்காணிப்பாளர் மாணவரிடம் பேசவும் கூடாது. மெஷின் தப்புப் பண்ணினால் என்ன செய்வது என்று ஒருவர் இழுத்தார்.

"மெஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது சார்" என்றார் கேமரா சார்.

எல்லோரும் சிரித்தார்கள். விதி நிறைவேறியது. முதல்வர்தான் அதிகம் மகிழ்ந்தார். இனிமேல் தொலைபேசி வந்தால் மெஷினைக் காட்டிவிடலாமே.

அந்த வருடம் வகுப்பில் ஓர் அக்கா இருந்தாள். பகலில் மருத்துவமனையில் வார்டு வேலை. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைக்கிற வேலை. தூக்கித் தூக்கி அவளுடைய இடுப்பு போய்விட்டது. வகுப்புக்கு வந்தால் பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவாள். பட்டம் வாங்கிவிட்டால் வாசலில் நோயாளிகளின் பெயர் பதிகிற இடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை தருவதாக மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். பட்டத்துக்கு மிச்சமிருந்த இந்தக் கடைசித் தேர்வின் முடிவு வரைக்கும் அந்த நாற்காலியை அவளுக்காகப் பிடித்து வைத்திருப்பதாகவும், அதற்கு மேல் தன்னால் முடியாது என்றும் சொல்லியிருந்தார்.

சின்ன வயதிலேயே பள்ளியை விட்டவள். பிறகு வார்டில் மருந்துச் சீட்டுகளை வாய்விட்டுப் படித்துப் படித்தே எழுத்தை மறுபடியும் பிடித்தாள். அதனால் எதைப் படித்தாலும் உதடு அசையும். தன் குரல் தன் காதில் விழுந்தால்தான் அவளுக்குப் புரியும். பையன்கள், "அக்கா, வால்யூமைக் கொஞ்சம் குறைங்க" என்பார்கள். "உங்களுக்கும் சேர்த்துத்தான்டா படிக்கிறேன், காசு குடுங்க" என்பாள். சாருக்கு அந்த முணுமுணுப்பு மின்விசிறிச் சத்தம்போலப் பழகிப் போயிருந்தது. பழகிப் போனதுதான் வினையாயிற்று. கேமராவைச் சோதித்தபோது அவரும் சக ஆசிரியர்களும்தான் உட்கார்ந்து படித்துப் பார்த்தார்கள். எல்லோரும் வாயை மூடிப் படிக்கிறவர்கள். ஒரு சிவப்புகூட வரவில்லை.

தேர்வுக்கு முன்னால் வகுப்பில் அவர், யாருடனும் பேசக் கூடாது என்று மட்டும் சொன்னார். அக்காவும் யாருடனும் பேசவில்லை.

முதல் கேள்வியைப் படிக்கும்போதே சிவப்பு வந்தது. கண்காணிப்பாளர் மேசையிலிருந்த சாரின் திரையிலும் அது தெரிந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா சிவப்புக் கட்டத்துக்குள் இருந்த எச்சரிக்கையை, வழக்கம்போல உதட்டை அசைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் இரண்டாவது சிவப்பு. அதையும் படித்தாள்.

சார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். வாயைத் திறந்தார். விதி நினைவுக்கு வந்தது. கண்காணிப்பாளருக்கென்று சுவரில் அவரே மாட்டியிருந்த கேமரா அவரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்தவர் அப்படியே நின்றார்.

திரை இருண்டது. அக்கா இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மேலே தூக்கிக் காட்டினாள்.

"சார், நான் எதையும் தொடல சார். அதுவா அணைஞ்சு போச்சு."

தான் என்ன குற்றத்துக்காக வெளியேற்றப்பட்டாள் என்பது அவளுக்கு வராந்தாவில்தான் புரிந்தது. அதுவும் அந்தக் கொட்டாவிப் பையன் வந்து சொன்ன பிறகு.

சார் முதல்வரிடம் போனார். அவள் காப்பியடிக்கவில்லை, படிக்கும் விதமே அப்படி, வகுப்பு முழுக்கச் சாட்சி சொல்லும் என்றார். அவளுக்கு மட்டும் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொல்லலாம் என்றார். முதல்வர் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தாளில் எழுத ஒருவருக்கு விட்டால் நாளைக்கு வாசலில் வரிசை நிற்கும், வரிசையில் முதல் ஆள் யாராக இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும் என்றார். விதியை மாற்றக் குழு கூட வேண்டும், குழு அடுத்த கல்வியாண்டில்தான் கூடும் என்றார்.

"அந்த அம்மா உங்களுக்குச் சொந்தமா சார்?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? மெஷினுக்கு மாமன் மச்சான் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

மேசைமேல், முதல்வரின் கைக்குக் கீழே, அந்த வருடத்து நீட்டிப்பு உத்தரவுகள் கையெழுத்துக்காகக் கிடந்தன. முதல்வர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சார் அவற்றைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

மறுதேர்வு உண்டு என்பதுதான் மிச்சமிருந்த ஒரே வழி. மேற்பார்வையாளரின் கையைக் காலைப் பிடித்து அதுவரைக்கும் தவணை வாங்கினாள் அக்கா. வாயை மூடிப் படிக்கப் பழகுங்கள் என்றார் சார். வேறென்ன சொல்வது? அவள் பழகினாள். வார்டில் பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு படித்தாள். உதட்டில் மருத்துவமனைப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டும் பார்த்தாள். நோயாளிகள் சிரித்தார்கள் என்று அவளே வந்து சிரித்துக்கொண்டு சொன்னாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"வாயை மூடினா எழுத்து தெரியுது சார். ஆனா அது எங்கிட்ட பேச மாட்டேங்குது."

மறுதேர்வு நாளில் அவள் உதடுகளை உள்ளே இழுத்து மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகமே வேறு யாருடையதோ போல இருந்தது. சார் தன் திரையில் அவளுடைய கட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பச்சை. பச்சையாகவே இருந்தது. ஒருமுறைகூட மாறவில்லை. ஆனால் அவள் கைகள் விசைப்பலகையின் மேல் சும்மா கிடந்தன. எப்போதாவது ஒரு விரல் எழும்பும், மறுபடி படுத்துக்கொள்ளும்.

முடிந்து வெளியே வந்ததும் சார் கேட்டார், தெரிந்த கேள்விகள்தானே என்று.

"தெரிஞ்சதுதான் சார். அன்னிக்கு வகுப்புல நான் பதில் சொல்லி நீங்க பாராட்டினீங்களே, அதுகூட வந்திருந்துச்சு." சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். உதட்டில் பல் பதிந்திருந்தது. "வாயைப் பிடிச்சுக்கிறதுலயே பொழுது போயிடுச்சு. ராத்திரி டூட்டி இருக்கு, வரேன் சார்."

இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

அறிவிப்புப் பலகையில் முதல்வர் ஒரு தாள் ஒட்டச் சொன்னார். மறுதேர்வில் ஒரு விதிமீறல்கூட இல்லை என்றும், அதற்குக் காரணமான ஆசிரியருக்குப் பாராட்டு என்றும் அதில் இருந்தது. நீட்டிப்பு உத்தரவும் வந்துவிட்டது. மனைவி அன்று அவருக்குப் பிடித்ததாகச் சமைத்தாள்.

திருத்துவதற்கு அக்காவின் விடைத்தாள் அவரிடமே வந்தது. கணினியில் திறந்தார். முதல் கேள்விக்கு இரண்டு வரி. மற்றவை எல்லாம் வெறுமை. ஒருமுறை படித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, அவளைப் போலவே உதட்டை அசைத்து, முணுமுணுத்துப் படித்துப் பார்த்தார். அப்படிப் படித்தாலாவது இன்னும் ஏதாவது கேட்காதா என்று. இரண்டு வரிதான் கேட்டது. இரண்டும் சரியான வரிகள். அவற்றுக்கு என்ன மதிப்பெண் உண்டோ அதைப் போட்டார். ஒரு மதிப்பெண் கூட்டிப் போடக்கூட அவருடைய விதியில் இடம் இருக்கவில்லை. கூட்டிப் போட்டிருந்தாலும் அது அந்த நாற்காலி வரைக்கும் எட்டியிருக்காது.