மூக்காயியின் கற்றாழை வேலி

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த 1948ஆம் வருடம் மூக்காயியின் கணவன் பிச்சை பாம்பு கடித்து இறந்துபோனான். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. பிள்ளை கிடையாது. கந்தர்வக்கோட்டைக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர் செம்மண் கொல்லை மட்டும் இருந்தது. காரியம் முடிந்ததும் அண்ணன் மலையாண்டி வண்டி கட்டிக்கொண்டு வந்தான்.

"பொறந்த வீட்டுக்கே வந்துரு ஆத்தா."

"நான் வந்துட்டா கொல்லைய யாரு பாக்குறது?"

வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

கொல்லைக்கு வடக்கே ரெங்கசாமியின் நிலம். ஊரில் பெரிய கை அவர். நூறு ஆடு வைத்திருந்தார். பிச்சை இருந்தவரை அந்த ஆடுகள் கொல்லையைச் சுற்றிக்கொண்டு கண்மாய்க்குப் போகும். அவன் போனபின் குறுக்கே போகத் தொடங்கின. முதல் வருடம் கடலைச் செடியில் பாதி ஆட்டு வயிற்றுக்குள் போயிற்று. மூக்காயி கருவேல முள் வெட்டி வந்து வேலி அடைத்தாள். பத்தாம் நாள் கொல்லைக்குப் போனபோது வேலி இருந்த இடத்தில் சாம்பல் கிடந்தது. நேராக ரெங்கசாமி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"காஞ்ச முள்ளு எரியத்தான் செய்யும்," என்றார் அவர். "ஒத்தப் பொம்பளைக்கு எதுக்குத்தா வெவசாயம்? கொல்லைய எங்கிட்ட விட்டுரு."

"எரியாத முள்ளா நடுறேண்ணே," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

புதுக்கோட்டையில் தண்டவாளத்தின் ஓரமாக ரயில் கற்றாழை நிற்பதை அவள் பார்த்திருந்தாள். போய் அவற்றின் பூத்தண்டிலிருந்து உதிர்ந்து கிடந்த குட்டிச் செடிகளை ஒரு கூடை நிறையப் பொறுக்கினாள். பஸ்ஸில் கண்டக்டர் ஏற்ற மறுத்துவிட்டான். "முள்ள கீழ போட்டுட்டு நீ மட்டும் ஏறு," என்றான். அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பதினெட்டு மைல் நடந்தே வந்தாள்.

அவ்வளவு நடந்தும் பயனில்லை. பள்ளத்துப் பக்கம் வைத்தவை மழைத்தண்ணீர் தேங்கி அழுகின. மேட்டில் பிழைத்தவை தனித்தனியே ஓங்கி நின்றன. இரண்டு வருடம் கழித்தும் இடைவெளி இடைவெளியாகவே இருந்தது. இலையின் ஓரத்திலும் முள் இல்லை, நுனியில் மட்டும் ஒன்று. ஆடுகள் உரசிக்கொண்டு உள்ளே போயின. கத்தாழை வைத்த வீடு விளங்காது என்று ஊரில் பேசினார்கள். "இப்ப மட்டும் ரொம்ப வெளங்கிக் கெடக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் களை வெட்டப் போனாள்.

1951 சித்திரையில் முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கும் வேலைக்குப் போயிருந்தாள். காவல்காரரின் நாய் ஒரு முயலை விரட்டியது. முயல் சரளைமேட்டில் இருந்த ஒரு கற்றாழைப் புதருக்குள் பாய்ந்தது. நாய் புதரை மூன்று சுற்றுச் சுற்றிக் குரைத்தது. மூக்கில் கீறல் வாங்கிக்கொண்டு திரும்பியது.

மூக்காயி கூடையை இறக்கி வைத்துவிட்டுப் புதரின் அருகே குந்தினாள். ரயில் கற்றாழையின் இலை அகலம். இதற்கு வாள்போல ஒடுக்கமான சாம்பல்பச்சை இலை. ஓரம் நெடுகக் கொக்கிபோல வளைந்த சின்ன முட்கள். சோற்றுக் கற்றாழையோ என்று ஓர் இலையை ஒடித்துப் பார்த்தாள். உள்ளே சதை இல்லை, நார்தான் வந்தது. அடிமண்ணைக் குச்சியால் கிளறினாள். தாய்ச்செடியின் அடியிலிருந்து விரல் தடிமனில் தண்டுகள் ஓடி, சாண் தூரத்துக்குள் பத்துப் பன்னிரண்டு கன்றுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. அவளையும் அறியாமல் சிரித்துவிட்டாள்.

இம்முறை அவசரப்படவில்லை. சாண் உயரக் கன்றுகளாகப் பார்த்துத் தாயிடமிருந்து வெட்டியெடுத்தாள். வெட்டுவாய் காயும்படி ஒரு வாரம் நிழலில் போட்டு வைத்தாள். முழ உயரம் வரப்புப் போட்டு, அதில் சரளை கலந்து, ஆடியில் இரண்டு வரிசையாக நட்டாள். தண்ணீர் ஊற்றவில்லை. மூன்றாம் வருடம் கன்றுகள் கன்று விட்டன. 1955இல் வடக்கு எல்லையில் கோழிக்குஞ்சு நுழையவும் இடம் இல்லை.

ஆடுகள் பழையபடி சுற்றிப் போகவேண்டி வந்தது. ரெங்கசாமிக்கு அது பொறுக்கவில்லை. தன் பண்ணையாள் முத்துராமனை அரிவாளோடு அனுப்பினார். இருபது முழ வேலியைச் சாய்ப்பதற்குள் முத்துராமனின் கை முழுதும் பால் தெறித்துக் கொப்புளம் கிளம்பியது. அரிப்புத் தாங்காமல் அவன் மூக்காயியின் குடிசைக்கே ஓடி வந்தான். அவள் கையைக் கழுவிவிட்டு எண்ணெய் கொடுத்தாள்.

"வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேனே, அந்தப் பாலு பட்டா அரிக்கும்னு."

"பெரியவரு வெட்டச் சொன்னாரு. நான் என்ன பண்ணட்டும்?"

"போயி அவரையே வந்து மிச்சத்தையும் வெட்டச் சொல்லு. அடியில வேரு கெடக்கு."

அடுத்த மழையில் சாய்ந்த செடி ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் நாலைந்து கன்றுகள் கிளம்பின. அந்த இருபது முழம்தான் வேலியிலேயே அடர்த்தியான இடம் ஆயிற்று. அதன்பின் யாரும் அரிவாளோடு வரவில்லை.

1963இல் முதல் தாய்ச்செடி ஆள் உயரத்துக்கு இருமடங்காகக் கம்பம்போலப் பூத்தண்டு விட்டுப் பூத்தது. பூத்தபின் இலையெல்லாம் பழுத்துச் செத்துச் சாய்ந்தது. கத்தாழை வைத்த சாபம் பலித்துவிட்டது என்றார்கள் ஊரில். அவள் செத்த செடியைக் கடப்பாரையால் நெம்பி எறிந்தாள். அதைச் சுற்றி நின்ற கன்றுகள் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டன.

அதற்கடுத்த வருடம் ரெங்கசாமி மகன்களுக்குப் பாகம் பிரித்தார். ஆடுகள் மூத்தவனுக்கு, மூக்காயியின் கொல்லையை ஒட்டிய மேட்டுக்கொல்லை இளையவனுக்கு. அண்ணன் ஆடு தம்பி கொல்லையில் மேய்ந்தது. இளையவன் மனைவி சொர்ணவல்லி வந்து நின்றாள்.

"அத்தை, எங்களுக்குக் கொஞ்சம் கத்தாழைக் கன்னு வேணும்."

"ஒன் மாமனாருக்குத் தெரியுமா?"

"அவருதான் கேட்டு வாங்கியாரச் சொன்னாரு."

"அப்ப அவரையே வந்து கேக்கச் சொல்லு."

மறுநாள் காலை ரெங்கசாமி கம்பை ஊன்றிக்கொண்டு மருமகளோடு வந்தார். வரப்பருகே நின்று கம்பால் ஒரு கன்றைத் தொட்டார்.

"கன்னு வேணும்த்தா."

மூக்காயி நாற்பது கன்றுகளைப் பெயர்த்துக் கூடையில் போட்டாள். "ஒரு வாரம் காயவிடுங்க. பள்ளத்துல வைக்காதீங்க. எல்லையில இருந்து ரெண்டு முழம் தள்ளி நடுங்கண்ணே. இங்கிட்டு ஒரு கன்னு எட்டிப் பாத்துச்சு, புடுங்கி எறிஞ்சுருவேன்."

ரெங்கசாமி கூடையின் ஒரு காதைப் பிடித்தார். சொர்ணவல்லி மறு காதைப் பிடித்தாள். மூக்காயி கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியின் மேல்வரிசைக்குப் போனாள். அங்கே இன்னொரு தாய்ச்செடி பூத்து முடிந்து இலை பழுத்திருந்தது.