கையைத் தூக்கினால் வரும் இங்கிலீஷ்

வளர்ந்த ஆண்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது முதலில் தொண்டையையும் பிறகு தூக்கத்தையும் பறிக்கிற தொழில். அந்த மொழியில் கஷ்டமானது ஸ்பெல்லிங் என்று நாடே நம்பிக்கொண்டிருக்கிறது. மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு இதைத் திருத்துகிறேன்: ஸ்பெல்லிங் ஒரு பொருட்டே அல்ல. கஷ்டம் முழுவதும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும் பொடிச் சொற்களில் இருக்கிறது. ஏ, தி, திஸ், சம், எவரி, நோ. இப்போது இவற்றுக்கு டிடெர்மினர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாற்பதுகளின் கடைசியில் ராயபுரத்தில் நான் வகுப்பு நடத்தியபோது, ஆர்ட்டிகிள், அட்ஜெக்டிவ் என்ற பழைய பெயர்களிலேயே இவை உயிரை வாங்கின. இதே தொழிலில் மாட்டிக்கொண்டு மாலையில் மிளகுக் கஷாயம் குடிக்கும் அன்பர்களுக்கு இது ஆறுதலாக இருக்கட்டும்.

எந்த மூட்டை?

பகலில் நான் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மாலையில் ஜெயம்மாவின் இட்லிக் கடைக்கு மேலிருந்த அறையில் வாத்தியார். மாணவர்கள் அதே கம்பெனியின் தொழிலாளிகள். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைச் சரிபார்க்கும் டாலி கிளார்க் வேலை வேண்டுமென்றால், கம்பெனியின் வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் நின்று இங்கிலீஷில் பேசிக் காட்ட வேண்டும். மற்றவர்களுக்கு அது ஆசை. கொருக்குப்பேட்டை கன்னியப்பனுக்கு அது ஒன்றுதான் வழி. சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்சில் சிக்கி அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. இனி விஞ்சுக்கு லாயக்கில்லை என்று கம்பெனி டாக்டர் எழுதிவிட்டார். மாதக் கடைசியில் நடக்கும் பரீட்சையில் தேறாவிட்டால் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள்.

தமிழில் 'மூட்டை கிழிந்தது' என்றால் விஷயம் முடிந்தது. இங்கிலீஷ்காரன் அப்படி விடமாட்டான். ஏதோ ஒரு மூட்டையா, அந்த மூட்டையா, ஒவ்வொரு மூட்டையுமா என்று தீர்த்துக்கொண்டுதான் மூட்டைப் பக்கமே திரும்புவான். இதை நான் பல நாள் பல விதமாக விளக்கிய பிறகு, கன்னியப்பன் மிகவும் வருத்தத்தோடு சொன்னார்: "மூட்டை கிய்ஞ்சி அரிசி கொட்டிகினு கீது, ஸார். அத்த அள்ளாம, எந்த மூட்டை எந்த மூட்டைன்னு கேட்டுகினு நின்னா, மிச்ச அரிசியும் பூடுமே."

வாய் திறந்த விதம்

அடுத்து அடைமொழிகளுக்கு வந்தோம். 'தோஸ் டூ பிக் வெட் பேக்ஸ்.' சுட்டுச்சொல் முன்னால், எண் அதன் பின்னால், அப்புறம் அளவு, நனைந்ததா காய்ந்ததா என்பது கடைசியில். இந்த வரிசை கலைந்தால் துரை மூட்டையை விட்டுவிட்டு நம்மைப் பார்ப்பான் என்று எச்சரித்தேன். எல்லாருக்கும் புரிந்தது. ஆனால் சொல்லச் சொன்னால் ஒருவருக்கும் குரல் வரவில்லை. கரையிலிருந்து கப்பல் மேல்தட்டில் இருப்பவனைக் கூப்பிடும் ஆட்கள், இங்கிலீஷ் என்றதும் கொசு மாதிரி முனகினார்கள்.

ஒருநாள் கன்னியப்பன் எழுந்து நின்றார். துறைமுக வாசலில் யூனியன் நடத்தும் கேட் மீட்டிங்கில் கையைத் தூக்கி ஒருவர் கோஷம் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வது அவர்களுக்குப் பழக்கம். அங்கே யாரும் வெட்கப்படுவதில்லை. அவர் விரல் போன கையை மேலே தூக்கி, "தோஸ் டூ" என்று முழங்கினார். அறையிலிருந்த அத்தனை கைகளும் எழுந்தன. "தோஸ் டூ!" "பிக் வெட் பேக்ஸ்" என்றார். "பிக் வெட் பேக்ஸ்!" சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. வரிசை ஒருவருக்கும் பிசகவில்லை. சட்டினிக் கரண்டியோடு படியேறி வந்த ஜெயம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "யார வாய்கன்றீங்க, யார ஒயிகன்றீங்கன்னு சொல்லிட்டுக் கத்துங்க, வாத்தியாரே. கீய துன்றவங்க கேக்கறாங்க."

ஏட்டு பார்த்த பாடம்

அப்போது துறைமுகத்தில் வேலைநிறுத்தப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. நாலு பேர் ஓர் அறையில் உட்கார்ந்தாலே போலீஸ் வந்து எட்டிப் பார்க்கும். பரீட்சைக்கு வரும் ஆள் எப்படிப்பட்டவன் என்று கம்பெனியும் ஸ்டேஷனில் விசாரிக்கும். கலகக்காரன் என்று பதில் வந்தால் பரீட்சையே கிடையாது. பாடப் புத்தகத்தில் ராஜாவும் ரோஜாவும்தான் இருந்தார்கள். மாணவர்களுக்குப் பழக்கமான சொல்லாக இருக்கட்டும் என்று நான் 'ஆல் வொர்க்கர்ஸ், எவரி வொர்க்கர், நோ வொர்க்கர்' என்று மாற்றிவைத்திருந்தேன். அதை அவர்கள் முழங்கிக்கொண்டிருந்த மாலையில் ஓர் ஏட்டு மேலே வந்தார்.

இது இலக்கணம் என்றேன். அப்படியானால் நடத்துங்கள் என்று அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். நான் சொல்லிக்கொடுத்தேன். போலீஸுக்கு எதிரில் ஒரு கையும் எழவில்லை. கை எழாததால் குரலும் எழவில்லை. பழையபடி கொசு. தெருமுனை வரை கேட்ட பாடம் தன்னைப் பார்த்ததும் அடங்கிப்போனது ஏன் என்று ஏட்டு கேட்டார். நியாயமான கேள்வி. பாடம்தான் என்று காட்ட வேண்டுமானால் கோஷம் போட்டாக வேண்டும். முதலில் போடுகிறவரைத் தலைவர் என்று எழுதிக்கொள்வார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

கன்னியப்பன் எழுந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையைத் தூக்கி, "எவரி வொர்க்கர்" என்றார். அறை அதிர்ந்தது. ஏட்டின் உயரத்தை ஒரு பார்வை பார்த்து, "ஏ டால் போலீஸ்மேன்" என்றார். அதற்கு இன்னும் பலமாக அதிர்ந்தது. ஏட்டு அவர் பேரைக் கேட்டார், ஊர் கேட்டார், எப்போது பரீட்சை என்றும் கேட்டுக்கொண்டார். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு படியிறங்குமுன் சொன்னார்: "பாடந்தான், ஒத்துக்கினேன். அப்டியே எய்திடறேன். ஆனா நைனா, துரை மின்னாடி இந்தக் கை மேல போச்சுன்னு காதுல வியுந்திச்சி, எய்தினத கிய்ச்சிட்டு வேற எய்துவேன்."

துரைக்கு முன்னால்

பரீட்சை சரக்கு ஷெட்டிலேயே நடந்தது. துரைக்குக் காகிதம் எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. ஆட்கள் அரிசி மூட்டைகளைச் சுமந்துகொண்டு போவதும் வருவதுமாக இருந்தார்கள். துரை ஓர் அடுக்கைப் பிரம்பால் காட்டி, எவை கெட்டிருக்கின்றன, எவை நன்றாக இருக்கின்றன என்று கேட்டார். கன்னியப்பன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. துரை அதே கேள்வியை இன்னொரு முறை, மெதுவாகக் கேட்டார். கன்னியப்பன் என்னைப் பார்த்தார். ஓர் எழுத்து எடுத்துக் கொடுத்தாலும் என் வேலையும் போய்விடும். துரை பேனாவின் மூடியைத் திருகிக் கழற்றிவிட்டுக் காகிதத்தின் மேல் குனிந்தார்.

அப்போது அந்தக் கை மேலே போனது. "தோஸ் டூ பிக் வெட் பேக்ஸ் ஆர் பேட்!" துரை நிமிர்ந்தார். "ஆல் தி அதர் பேக்ஸ் ஆர் குட்!" துளி பிழையில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதற்குள் ஷெட்டின் மறுகோடியிலிருந்து, "ஆர் குட்!" என்று ஒரே குரலாகப் பதில் வந்தது. மூட்டைகள் பொத்துப் பொத்தென்று தரையில் இறங்கின. வெளியே விஞ்சு நின்றது. கப்பல் மேலிருந்தும் யாரோ "ஆர் குட்" என்றார்கள். அந்த ஷெட்டில் அதுவரை நான் கேட்டிராத நிசப்தம். துரையின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. மூட்டை சுமந்தவர்களின் மேஸ்திரி, துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டு, துரையைத் திரும்பியும் பார்க்காமல் நேராகக் கன்னியப்பனிடம் வந்து நின்றார். தணிந்த குரலில் கேட்டார்: "எதுக்குன்னு கேக்கமாட்டேன், கன்னியப்பா. எத்தினி நாளிக்குன்னு மட்டும் சொல்லு, வூட்டுக்குச் சொல்லி அனுப்பணும்."

இது வேலைநிறுத்தம் இல்லை, வெறும் பரீட்சை என்று கன்னியப்பனே ஆட்களுக்குப் புரியவைத்து விஞ்சை ஓடவைத்த பிறகு, துரை ஸ்டேஷனுக்கு ஒன்றும் சொல்லியனுப்பாமல், பேச்சில் பிழையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவரை மறுநாளே ஆள் நடமாட்டம் இல்லாத கடைசிக் கிடங்குக்கு டாலி கிளார்க்காக நியமித்தார்.